பிசாசின் நகக்கீறல்: மாஸ்டாவின் சுழல் எஞ்சின்

மாஸ்டா என்ற பெயரை நம்மில் பலர் ஒரு வேனின் நெற்றியில்தான் படித்திருப்போம். பள்ளிப் பிள்ளைகளையும் போலீஸ்காரர்களையும் ஏற்றிப்போன சுவராஜ் மாஸ்டாவுக்குள் இருந்தது மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன்களைக் கொண்ட சாதாரண டீசல் எஞ்சின். ஆனால் ஜப்பானின் ஹிரோஷிமாவில் இருக்கும் மாஸ்டா கம்பெனிக்கு உலகம் முழுக்கக் கிடைத்த நல்ல பெயரும் கெட்ட பெயரும் வேறொரு எஞ்சினால் வந்தவை. அதில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது, கேம் ஷாஃப்டும் கிடையாது. சுழலும் முக்கோணம் ஒன்றுதான் உண்டு. அதன் மூன்று முனைகளிலும் 80 மி.மீ. நீளமும் 2 மி.மீ. தடிமனும் கொண்ட ஒரு பட்டை பொருத்தியிருக்கும். மாஸ்டாவை வாழவைத்ததும் ஒருமுறை திவால் வாசல் வரை கொண்டுபோனதும் அந்த எஞ்சின்தான்.

எஞ்சின் வேலை செய்யும் விதத்தை முதலில் பார்த்துவிடலாம். இரண்டு பருப்புள்ள வேர்க்கடலையை நீளவாக்கில் பிளந்தால் இடுப்பு லேசாக ஒடுங்கிய ஒரு வடிவம் தெரியும் அல்லவா, ஹவுசிங் எனப்படும் அறையின் உட்சுவர் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். அதற்குள் பக்கங்கள் புடைத்த முக்கோணமாக ரோட்டர் உட்கார்ந்திருக்கும். ரோட்டர் தன் மையத்தில் நின்று சுற்றுவதில்லை. மையம் விலகிய ஒரு ஷாஃப்டின் மேல் ஏறிக்கொண்டு, தானும் சுழன்றபடி வட்டமும் அடிக்கும். இந்த இரட்டை அசைவால் அதன் மூன்று முனைகளும் எந்த நேரத்திலும் சுவரைத் தொட்டபடியே இருக்கும். ஆகவே ரோட்டருக்கும் சுவருக்கும் நடுவே எப்போதும் மூன்று அறைகள். ஒவ்வொரு அறையும் சுற்றிவரும்போது விரியும், சுருங்கும், மறுபடி விரியும், மறுபடி சுருங்கும். உறிஞ்சல், அழுத்தம், எரிதல், வெளியேற்றம் எல்லாம் அந்த ஒரு சுற்றில் முடிந்துவிடும்.

அசைவை ஒழுங்குபடுத்துவது இரண்டு பற்சக்கரங்கள். பக்கச் சுவரில் அசையாமல் நிற்கும் சக்கரத்துக்கு 34 பல், ரோட்டரின் உள்விளிம்பில் இருப்பதற்கு 51 பல். இந்தக் கணக்கால் ஷாஃப்ட் மூன்று சுற்று போனால் ரோட்டர் ஒரே ஒரு சுற்றுதான் போகும். மீட்டர் முள் 9000 ஆர்பிஎம்-மில் நிற்கும்போதும் ரோட்டர் 3000-த்தில் நிதானமாகத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். ரோட்டருக்கு மூன்று முகம் இருப்பதால் ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு கிடைக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் பிஸ்டன் ஒன்று இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். இரண்டு ரோட்டர்களை எதிரெதிராக வைத்துவிட்டால் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்குச் சமமான உந்தல், அதுவும் நடுக்கமே இல்லாமல்.

கொள்ளளவையும் கையாலேயே கணக்குப் போடலாம். மாஸ்டாவின் புகழ்பெற்ற 13பி எஞ்சினில் ரோட்டரின் ஆரம் 105 மி.மீ., ஷாஃப்டின் மையவிலக்கு 15 மி.மீ., ரோட்டரின் அகலம் 80 மி.மீ. இந்த மூன்றையும் பெருக்கி, மூன்றின் வர்க்கமூலத்தைப் போல மூன்று மடங்கால், அதாவது 5.196-ஆல் பெருக்கினால் 654 சிசி வரும். இரண்டு ரோட்டருக்கு 1308. காகிதத்தில் இது 1.3 லிட்டர் எஞ்சின். ஜப்பானிய வரித்துறை இதை நம்பவில்லை. ரோட்டரி எஞ்சினின் சிசியை ஒன்றரை மடங்காக்கித்தான் வரி போட்டது. நியாயமான சந்தேகம்தான்.

கேட்கும்போது எல்லாம் சுலபமாக இருக்கிறது. சிக்கல் முனையில் இருக்கிறது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் சிலிண்டர் சுவரில் முழு வளையமாகப் படியும். ரோட்டரின் முனையிலோ அபெக்ஸ் சீல் எனப்படும் அந்தப் பட்டை சுவரில் ஒரு கோடாக மட்டுமே தொடுகிறது. சுவர் வளைந்து வளைந்து போவதால் சீல் சுவருக்குச் செங்குத்தாக நிற்பதும் இல்லை. 13பி அளவுகளில் அது இருபக்கமும் 25 டிகிரி வரை சாய்ந்து சாய்ந்து உரசுகிறது. பட்டையின் அடியில் ஸ்பிரிங் உண்டு. அதோடு சுழற்சியின் வெளிவிசையும் வாயு அழுத்தமும் சேர்ந்து அதைச் சுவரோடு நெருக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வான்கெல், அவருக்குப் பின்னால் நின்றது என்எஸ்யூ கம்பெனி. ஹிரோஷிமாக்காரர்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1920-ல் தக்கை தயாரிக்கும் கம்பெனியாகத் தொடங்கி, ஜூஜிரோ மட்சுடாவின் கைக்கு வந்து, 1931-ல் மாஸ்டா-கோ என்ற மூன்று சக்கர வண்டியைச் செய்தது டோயோ கோக்யோ, அதாவது பின்னாளைய மாஸ்டா. 1945 ஆகஸ்ட் 6 அன்று நகரம் சாம்பலானபோது, ஊருக்கு வெளியே ஒரு குன்றின் மறைவில் இருந்ததால் தொழிற்சாலை தப்பியது. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானிய அரசு கார் கம்பெனிகளைச் சில குழுக்களாக ஒன்றுசேர்க்கத் திட்டமிட்டது. சிறிய கம்பெனி ஏதாவது பெரியதோடு கரைந்துபோக வேண்டும், அல்லது வேறு யாரிடமும் இல்லாத ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். அப்போதைய தலைவர் சுனேஜி மட்சுடா இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். 1961-ல் என்எஸ்யூவோடு உரிமம் முடிவானது.

ஜெர்மனியிலிருந்து வந்த மாதிரி எஞ்சின் குறைந்த வேகத்தில் கைகால் நடுங்கியது, எண்ணெயைக் குடித்து வெள்ளைப் புகை கக்கியது. சில நூறு மணி நேரம் ஓட்டிவிட்டுப் பிரித்தால் ஹவுசிங் சுவரில் வரிவரியாகப் பள்ளங்கள். இவற்றுக்குத்தான் பொறியாளர்கள் ‘பிசாசின் நகக்கீறல்’ என்று பெயர் வைத்தார்கள். 1963-ல் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பேர் கொண்ட குழு அமைந்தது. ஜப்பானியக் கதைகளில் வரும் 47 சாமுராய்களின் பெயர் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

கீறல்கள் எப்படி விழுந்தன என்பதுதான் இந்தக் கதையின் நல்ல இடம். தேய்மானம் என்றால் ஒரே சீராகத் தேயும். இதுவோ சீரான இடைவெளியில் வரிகளாக இருந்தது. சுவரில் சாக்பீஸை ஒரு கோணத்தில் பிடித்து இழுத்தால் கிறீச்சென்று புள்ளிபுள்ளியாகக் கோடு விழுமே, அதே சங்கதி. உரசலின் தாளமும் பட்டையின் இயல்பான அதிர்வெண்ணும் ஒத்துப்போகும்போது சீல் சுவரைவிட்டுத் துள்ளித் துள்ளி விழுகிறது. விழும் இடமெல்லாம் பள்ளம். அப்படியானால் இன்னும் கடினமான பொருளைத் தேடுவது மட்டும் தீர்வாகாது, அதிர்வெண்ணையே மாற்ற வேண்டும். பட்டையின் உள்ளே நீளவாக்கிலும் குறுக்கிலும் துளைபோட்டுப் பார்த்தார்கள், கீறல் நின்றது. ஆனால் வணிக உற்பத்திக்குத் துளை போட்ட சீல் ஒத்துவரவில்லை. கடைசியில் கார்பனுக்குள் உருக்கிய அலுமினியத்தை ஊறவைத்துச் செய்த சீல் கைகொடுத்தது. கார்பன் தானே வழவழப்பானது, எடை குறைவு, சுவரையும் கீறாது.

நடுக்கத்துக்கு வேறு வைத்தியம். என்எஸ்யூ காற்று உள்ளே வரும் வாசலை ஹவுசிங்கின் வளைந்த சுவரில் வைத்திருந்தது. அதிவேகத்தில் நல்லதுதான். குறைந்த வேகத்திலோ வெளியேறும் புகையும் உள்ளே வரும் கலவையும் கலந்து எஞ்சின் விக்கும். மாஸ்டா அந்த வாசலைப் பக்கச் சுவருக்கு மாற்றியது, ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக் கொடுத்தது. 1967 மே மாதம் கோஸ்மோ ஸ்போர்ட் கடைக்கு வந்தது: இரண்டு ரோட்டர், 982 சிசி, 110 குதிரைத்திறன். அதே ஆண்டு பின்பாதியில் வந்த என்எஸ்யூவின் ஆர்ஓ 80 காரின் சீல்கள் சீக்கிரம் தேய்ந்தன. இலவசமாக எஞ்சின் மாற்றிக் கொடுத்தே கம்பெனி களைத்துப்போய், 1969-ல் ஆடியோடு இணைந்தது.

மாஸ்டாவுக்கு வெற்றி தலைக்கேறியது என்றே சொல்ல வேண்டும். குடும்பக் கார், பிக்கப், 26 இருக்கை பஸ் வரை ரோட்டரியைத் திணித்தார்கள். 1973-ல் எண்ணெய் விலை எகிறியது. அப்போதுதான் எஞ்சினின் பிறவிக் குறை எல்லோர் கண்ணிலும் பட்டது.

அது பெட்ரோலை அதிகம் குடிப்பதற்குக் காரணம் அறையின் வடிவம். பிஸ்டன் எஞ்சினில் எரியறை ஒரு உருண்டையான கிண்ணம் மாதிரி. ரோட்டரியில் அது நீண்டு மெலிந்த வாழையிலை, அதுவும் நகர்ந்துகொண்டே இருக்கும் இலை. சுவர்ப் பரப்பு அதிகம் என்பதால் வெப்பம் உலோகத்துக்குள் வீணாகப் போகிறது. தீச்சுவாலை இலையின் பின்கோடிக்குப் போய்ச் சேருவதற்குள் வாசல் திறந்துவிடுகிறது. எரியாத பெட்ரோல் புகையோடு வெளியே போகும். இன்னொன்று: பிஸ்டன் எஞ்சினில் எரிந்த இடத்திலேயே அடுத்து குளிர்ந்த காற்று வரும். ரோட்டரியில் எரிவது எப்போதும் ஒரே பக்கம், குளிர்காற்று வருவது எப்போதும் மறுபக்கம். ஹவுசிங்கின் ஒரு புறம் அடுப்பு, மறுபுறம் திண்ணை. இந்த ஏற்றத்தாழ்வால்தான் ஒருமுறை சூடு மீறினாலே கூலன்ட் எனும் குளிர்விக்கும் திரவத்தைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள் கருகிவிடுகின்றன. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகையும், குறையும் கூலன்ட்டும் அதற்கான அடையாளம்.

திவால் வாசலில் நின்ற கம்பெனியைச் சுமிடோமோ வங்கி கைதூக்கிவிட, 1979-ல் ஃபோர்டு கால் பங்கு வாங்க, அது பிழைத்தது. ரோட்டரி 1978-ல் வந்த ஆர்எக்ஸ்-7 போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு என்று ஒதுங்கியது. சரியான முடிவு. சிறிய எஞ்சின் முன் அச்சுக்குப் பின்னால் அடங்கிவிடும், எடை நடுவில் நிற்கும், வளைவுகளில் வண்டி சொன்னபடி கேட்கும்.

பிரான்ஸில் நடக்கும் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 1991-ல் நடந்தது தனிக் கதை. மாஸ்டாவின் 787பி காரில் நான்கு ரோட்டர், 2616 சிசி, சுமார் 700 குதிரைத்திறன், ரோட்டருக்கு மூன்று பிளக், பீங்கான் சீல்கள். 362 சுற்று ஓடி வென்றது, ஜப்பானியக் கம்பெனி ஒன்றின் முதல் வெற்றி. வெற்றிக்கு ரோட்டரியின் வேகம் மட்டும் காரணமல்ல. முக்கியப் போட்டியாளர்களின் கார்கள் 1000 கிலோ சுமக்க, மாஸ்டாவுக்கு 830 கிலோ அனுமதி கிடைத்திருந்தது. இந்தப் பிரிவின் கார்களுக்கு 2550 லிட்டர் எரிபொருள் உச்சவரம்பு வேறு. இலேசான கார் அதற்குள் தாராளமாக ஓடியது. ‘வென்றதால் ரோட்டரியைத் தடைசெய்தார்கள்’ என்று இன்றும் பேசுவார்கள். உண்மையில் 3.5 லிட்டர் பிஸ்டன் எஞ்சின்தான் வேண்டும் என்ற விதி அந்த வெற்றிக்கு முன்பே முடிவானது.

கெட்ட பெயரின் பெரும்பகுதியை 2003-ல் வந்த ஆர்எக்ஸ்-8 சம்பாதித்தது. அதில் பாதி எஞ்சினின் குற்றம், பாதி ஓட்டுபவர் அறியாமை. குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, நிழலுக்கு நகர்த்தி, உடனே அணைத்துவிட்டால் போதும். குளிரில் அதிகமாகத் தெளித்த பெட்ரோல் அறைக்குள் தேங்கி, சீல்மேல் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். எண்ணெய் இல்லாவிட்டால் அழுத்தம் நிற்காது. மறுநாள் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. அப்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைப் பத்து விநாடி சுற்ற வேண்டும். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் நின்று காற்று மட்டும் போகும். அதற்கும் மசியாவிட்டால் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து, எரிபொருள் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழலவிட்டு ஈரத்தை வெளியேற்றி, துளை வழியாகக் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பூட்ட வேண்டும். வராமல் தடுக்க வழி எளிது: வெப்ப முள் நடுவுக்கு வரும்வரை அணைக்கக் கூடாது.

ரோட்டரி வேண்டுமென்றே எண்ணெயை எரிக்கிறது. ஒரு சிறிய பம்பு அறைக்குள் எஞ்சின் ஆயிலைச் சொட்டுச்சொட்டாக விடும். சீலுக்கு உயவு அதுதான். ஒவ்வொரு இரண்டாம் முறை பெட்ரோல் போடும்போதும் டிப்ஸ்டிக்கில் எண்ணெய் அளவைப் பார்க்காதவர் ரோட்டரி வாங்கக் கூடாது. பலர் பெட்ரோலிலேயே லிட்டருக்கு 5 முதல் 8 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயிலும் கலக்கிறார்கள். ஆர்எக்ஸ்-8-ன் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்களைக் கவனிக்காவிட்டால் இன்னொரு ஆபத்து: தீப்பொறி மங்கும், எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கும், அடைபட்ட புகையின் சூடு திரும்பி வந்து சீலைக் கெடுக்கும். மெதுவாகவே ஓட்டிக்கொண்டிருந்தாலும் கரி படிந்து பக்க சீல்கள் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் சூடேறிய பிறகு தினம் ஒருமுறையாவது சிவப்புக் கோடு வரை முடுக்கச் சொல்வது வீம்புக்கு அல்ல.

பழைய ஆர்எக்ஸ்-8 வாங்குபவர் பார்க்க வேண்டியது அழுத்தச் சோதனை ஒன்றைத்தான். சாதாரண கேஜ் மூன்று முகங்களில் உயர்ந்ததை மட்டும் காட்டி ஏமாற்றும். ரோட்டரிக்கென்று உள்ள கருவி மூன்றையும் தனித்தனியாகச் சொல்லும். 250 ஆர்பிஎம்-மில் 830 கிலோபாஸ்கல் புதிய எஞ்சினின் அளவு. 680-க்குக் கீழே போனாலும், ஒரே ரோட்டரின் முகங்களுக்கிடையே 150-க்கு மேல் வித்தியாசம் வந்தாலும் எஞ்சினைப் பிரித்தாக வேண்டும். சூடான எஞ்சினை அணைத்து உடனே ஸ்டார்ட் செய்தால் தடுமாறுவதும் இதே நோயின் அறிகுறி.

2012-ல் ஆர்எக்ஸ்-8 நின்றது. 2023-ல் எம்எக்ஸ்-30 காரில் ரோட்டரி திரும்பி வந்தபோது சக்கரத்தோடு அதற்குத் தொடர்பே இல்லை. ஒற்றை ரோட்டர், 830 சிசி, மின்சாரம் உண்டாக்கி 17.8 கிலோவாட்-மணி பேட்டரிக்குத் தருவது மட்டுமே வேலை. பெட்ரோல் நேரடியாக அறைக்குள் பாய்கிறது, பக்கச் சுவர்கள் அலுமினியமாகிவிட்டன. அபெக்ஸ் சீலின் தடிமனை 2 மி.மீ.யிலிருந்து 2.5 மி.மீ. ஆக்கியிருக்கிறார்கள்.