சாஷிங்னா என்ன? வரப்புன்னு சொன்னா புரியும்

கொடைக்கானல்ல எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு டெய்லர் அக்கா இருக்காங்க, ஜாக்கெட், சுடிதார், ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம் தைப்பாங்க. செவுத்துல மாட்டுற மாதிரி ஒரு குவில்ட், அதாவது மேல்துணி, பஞ்சு, அடித்துணின்னு மூணு அடுக்கு வச்ச ஒட்டுத்துணி விரிப்பு, தைக்கணும்னு ரொம்ப நாளா ஆசை, அதனால சேத்து வச்சிருந்த சின்னாளபட்டி சுங்குடி வெட்டுத்துணிய ஒட்டுப்போட்டு சதுரம் சதுரமா தைச்சு (இந்த சதுரத்துக்குத்தான் பிளாக்னு பேரு), எல்லாத்தையும் ஒரு பையில அள்ளிட்டு அவங்ககிட்ட போய், "அக்கா, பிளாக் எல்லாம் ரெடி, இனிமே சாஷிங் வைக்கணும்"னேன். சாஷிங்னா ரெண்டு பிளாக்குக்கு நடுவுல வச்சு தைக்கிற துணிப்பட்டை. அக்கா மிஷின நிப்பாட்டிட்டு என்னைய ஏற எறங்கப் பாத்தாங்க. "என்னது பிள்ள, சேஸிஸா? அது லாரிக்கில்ல வைப்பாங்க?"

நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். வீட்டுக்கு வந்து அந்த சொல்லோட பூர்வீகத்தத் தேடிப் பாத்தா, சிரிச்சது தப்புன்னு ஆயிருச்சு.

இங்கிலீஷ்ல சாஷ்னு ரெண்டு சொல்லு இருக்கு, எழுத்து ஒண்ணு, ஊரு வேற. ஒண்ணு அரபியில இருந்து வந்தது. அங்க ஷாஷ்னா மஸ்லின் மாதிரி மெல்லிசு துணி, தலைப்பாகை கட்டுறது. அதுதான் போகப் போக இடுப்புல கட்டுற கச்சைக்கும், அழகிப் போட்டியில தோள்ல குறுக்கே போடுறாங்களே அந்தப் பட்டைக்கும் பேரு. இன்னொண்ணு ஜன்னல்ல கண்ணாடிய புடிச்சிருக்குற மரச்சட்டம். இது பிரெஞ்சுக்காரங்க ஷாஸின்னு சொல்றது, சட்டம்னு அர்த்தம். இங்கிலீஷ்காரங்க அத ஷாஸிஸ்னு வாங்கி, கடைசில வர்றத பன்மைன்னு நெனச்சு வெட்டி எறிஞ்சுட்டு, சாஷ்னு வச்சுக்கிட்டாங்க, இது நடந்தது 17ஆம் நூற்றாண்டுல. அதே பிரெஞ்சு சொல்லுதான் மோட்டார் வண்டி வந்தப்புறம் அடிச்சட்டத்துக்கு பேரா சேஸிஸ்னு ஒட்டிக்கிச்சு. ஆக லாரி சேஸிஸும் ஜன்னல் சாஷும் ஒரு வயித்துப் புள்ளைங்க. இன்னும் மேல போனா லத்தீன்ல காப்ஸா, பெட்டின்னு அர்த்தம், நம்ம சூட்கேஸ்ல இருக்குற கேஸும் அங்க இருந்து வந்ததுதான். அக்கா சும்மா வாய்க்கு வந்தத சொன்னாலும் சரியாத்தான் சொல்லியிருக்காங்க.

குவில்ட் சாஷிங்க்கு இதுல எது தாய்னு கேட்டா, நான் ஜன்னல் பக்கம்தான் நிப்பேன். துணிப்பட்டைங்கிற அர்த்தமும் பொருந்தத்தான் செய்யுது, ஆனா இதே பட்டைக்கு குவில்ட்காரங்க லாட்டிஸ்னும் ஒரு பேரு வச்சிருக்காங்க, அதாவது குறுக்கும் நெடுக்குமா அடிச்ச தட்டி. தைச்சு முடிச்சுட்டு தள்ளி நின்னு பாருங்க, கட்டம் கட்டமா கண்ணாடி போட்ட பழைய பங்களா ஜன்னல் மாதிரியே இருக்கும். தமிழ்ல ஜன்னலுக்கு பலகணின்னு ஒரு அழகான பேரு உண்டு, பல கண்ணு உள்ளதுன்னு சொல்லுவாங்க. ஒவ்வொரு பிளாக்கும் ஒரு கண்ணு.

சரி தமிழ்ல என்ன சொல்றது? சட்டகமிடல்னு எல்லாம் சொன்னா தைக்கிறவங்க யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. டெய்லர் கடையில ஏற்கனவே பட்டின்னு சொல்லு இருக்கு, ஹூக் பட்டி, காலர் பட்டி, பட்டன் பட்டி. ரெண்டு பிளாக்குக்கு நடுவுல வர்றதால இடைப்பட்டின்னா போதும். எழுதுறதுக்கு நான் இதத்தான் வச்சிருக்கேன்.

ஆனா அக்காவுக்கு அதுவும் புரியல. பிளாக்க எல்லாம் தரையில பரப்பி, நடுவுல பட்டிய வச்சுக் காமிச்சேன், அக்காவுக்கு சொந்த ஊரு பூம்பாறை, மேல ரோட்டுல இருந்து பாத்தா பூண்டும் கேரட்டும் போட்ட காடு படிப்படியா எறங்குமே, அந்த ஊரு. ஒரு நிமிஷம் குனிஞ்சு பாத்துட்டு, "அட, இது வரப்பு பிள்ள, இது பாத்தி"ன்னாங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது! வரப்பும் வரம்பும் ஒரே சொல்லோட ரெண்டு ரூபம்தான, இது இங்கயே நிக்கணும்னு சொல்றதுதான் சாஷிங்கோட வேலையும். ஒரு பிளாக்கோட பூ அடுத்த பிளாக்குக்குள்ள ஓடாம நிறுத்தும், பிளாக் கம்மியா இருந்தாலும் குவில்ட் பெருசாகும்.

எங்க கணக்கு இது. தைச்சு முடிச்சப்புறம் 8 இஞ்ச் தெரியுற பிளாக் ஒம்பது, வரிசைக்கு மூணு. தையலுக்கு ரெண்டு பக்கமும் கால் கால் இஞ்ச் போயிரும், அதனால ஒன்றரை இஞ்ச் தெரியணும்னா வரப்ப 2 இஞ்சா வெட்டணும். மூணு பிளாக் 24, நடுவுல ரெண்டு வரப்பு 3, ஆக மொத்தம் 27, வெளி ஓரத்துல தையலுக்கு விட்ட கால் கால் இஞ்சையும் சேத்தா கரை வைக்கிறதுக்கு முன்னாடி 27 அரை. தைச்ச தையல இஸ்திரி போடும்போது பிளாக் பக்கம் மடிக்காம வரப்பு பக்கமே மடிச்சிருங்க, பிளாக்ல ஏற்கனவே ஏகப்பட்ட தையல், அதுக்கு மேல இதுவும் ஏறுனா தடிச்சுக்கும். வரப்பும் வரப்பும் சேர்ற எடத்துல வேற கலர்ல குட்டி சதுரம் வைக்கிறதும் உண்டு, இங்கிலீஷ்ல அதுக்கு பேரு மூலைக்கல்னு அர்த்தம் வர்ற சொல்லு. நாலு பக்கமும் வரப்பு வர்ற எடத்துக்கு மூலைன்னு எப்படி பேரு வச்சாங்களோ, நமக்கு சந்தின்னா பொருத்தம்.

பார்டருக்கு மண்டைய ஒடைக்கவே வேணாம், கரை. வேட்டிக்கும் சேலைக்கும் என்னவோ அதேதான். ஆனா பைண்டிங்கும் பார்டரும் ஒண்ணுன்னு நெறைய பேரு கொழப்பிக்கிறாங்க. கரைங்கிறது மேல்துணியோட சேந்தது, பஞ்சும் அடித்துணியும் வைக்கிறதுக்கு முன்னாடியே தைச்சிரணும். பைண்டிங் கடைசில, மூணு அடுக்கையும் சேத்து ஓரத்த மூடுறது, அதுக்கு ஓரப்பட்டின்னு வச்சுக்கலாம்.

நான் மாட்டுனது இந்தக் கரையிலதான். நீளமா ஒரு பட்டிய எடுத்து, அளக்காம ஓரத்தோட வச்சு ஓட்டிக்கிட்டே போய், முடிஞ்ச எடத்துல கத்தரிச்சேன். செவுத்துல மாட்டுனா கரை மட்டும் ஏரித்தண்ணி மாதிரி அலை அலையா நிக்குது. ஏன்னா கையில புடிச்சு புடிச்சு ஓரம் இழுத்துக்கும், நடுவுல 27 அரை இருக்குற துணி என் ஓரத்துல 28 கால் காட்டுச்சு, மிஷினும் பட்டிய இழுத்து இழுத்து இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளும். கட்டில்ல விரிச்சிருந்தா தெரிஞ்சிருக்காது, செவுத்துல பல்லக் காட்டும்.

அக்கா மொத்தத்தையும் பிரிக்கச் சொல்லிட்டாங்க. ஓரத்த விட்டுட்டு துணியோட நடுவுல டேப்ப வச்சு அளந்து, அந்த அளவுக்கே ரெண்டு பக்கக் கரையையும் பாவு நூல் போற வாக்குல வெட்டி, ரெண்டு முனையிலயும் நடுவுலயும் குண்டூசி குத்தி, அப்புறம்தான் மிஷின்ல வச்சாங்க. மேலயும் கீழயும் வர்ற கரைக்கு மறுபடி அளந்தாங்க, 3 இஞ்ச் தெரியுற கரை ரெண்டு பக்கமும் ஏறுனதுல இப்ப அது 33 அரை.

குண்டூசிய எடுத்துக்கிட்டே அக்கா கேட்டாங்க, "ஏன் பிள்ள, கரைய கட்டுறதுக்கு முன்னாடி காட்ட அளக்க மாட்டியா?"