மசகு எண்ணெய்: கப்பலில் வருவதா, எஞ்சினுக்குள் இருப்பதா?

உலகச் சந்தையில் மசகு எண்ணெய் விலை வீழ்ச்சி என்று காலைச் செய்தியில் வாசித்தால் போதும், அன்றைக்கு வன்னியில் ஏதாவது ஒரு கராஜில் இந்தக் கேள்வி எழும்: "மசகெண்ணெய் விலை இறங்கிட்டுதாம், ஒயில் கான் மட்டும் ஏன் அண்ணை பழைய விலை?" கராஜ்காரர் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார். கேட்டவரில் பிழையில்லை. அவர் தமிழைச் சரியாகத்தான் விளங்கியிருக்கிறார். செய்தி எழுதியவர்தான் விளங்காமல், கப்பலில் வரும் சுத்திகரிக்காத எண்ணெய்க்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்.

மசகு என்பது வண்டில் அச்சுக்குப் பூசும் கரிய மை. கரியையும் எண்ணெயையும் குழைத்துச் செய்வது. அச்சும் சில்லின் குடமும் உரசித் தேயாமலும் கிறீச்சிடாமலும் இருக்க இடையில் இடுவது. எண்ணெய் என்பது எள்ளும் நெய்யும் சேர்ந்த சொல். எள்ளின் நெய்யாகத் தொடங்கி இப்போது தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. (ஒயில் என்ற ஆங்கிலச் சொல்லின் கதையும் இதுதான். அதன் மூலமான இலத்தீன் சொல் முதலில் ஒலிவ் எண்ணெயையே குறித்தது.) ஆகவே மசகு எண்ணெய் என்றால் மசகின் வேலையைச் செய்யும் எண்ணெய், அதாவது எஞ்சினின் அடித்தொட்டியில் கிடந்து, பம்பினால் மேலே ஏறி, பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் போய்த் திரும்பி வடிவது. தமிழகத்தில் அச்சாகும் உழவு இயந்திரக் கைநூலில் "மசகு எண்ணெய் மட்டத்தைச் சரிபார்க்கவும்" என்று இருந்தால் அது இதைத்தான் சொல்கிறது.

நம் இலங்கைச் செய்திகளிலோ மசகு எண்ணெய் என்பது நிலத்தடியிலிருந்து எடுத்தபடியே, சுத்திகரிக்காமல் கப்பலில் வரும் எண்ணெய். இதற்கு ஆதரவாக இரண்டு வாதங்கள் சொல்வார்கள். ஒன்று, அது கறுப்பாகப் பிசுபிசுவென்று இருக்கும், மசகும் அப்படித்தானே. நிறத்தை வைத்துப் பெயரிடுவதென்றால் தாரையும் மசகு என்று சொல்லவேண்டி வரும். அதோடு, எல்லா ஊற்றின் எண்ணெயும் கறுப்பாக இருப்பதில்லை. தேன் நிறத்தில் தண்ணியாக ஓடுவதும் உண்டு. மசகு என்ற பெயர் வேலையால் வந்தது. சுத்திகரிக்காத எண்ணெய் எந்த அச்சுக்கும் அந்த வேலையைச் செய்ய எடுக்கப்படுவதில்லை.

இரண்டாவது வாதம், பழகிவிட்டது, இனி மாற்றினால் குழப்பம் என்பது. குழப்பம் இப்போதே இருக்கிறது. 1969இல் தொடங்கிய சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் 2021, 2022 நெருக்கடியில் பல தடவை மூடப்பட்டது. "மசகு எண்ணெய் இல்லாததால் மூடப்பட்டது" என்று எழுதினார்கள். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் அதை எப்படி வாசிப்பார்? இயந்திரங்களுக்கு விட ஒயில் இல்லாமல் நிறுத்திவிட்டார்கள் என்றுதான். ஒரு நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், ஏன் நிற்கிறோம் என்பதைச் சொல்லும் வசனமே பிழையான பொருளைத் தந்தது.

சரி, தமிழகத்தார் போலக் கச்சா எண்ணெய் என்று எழுதலாமா? கச்சா என்பது பச்சையான, பக்குவப்படாத என்ற பொருளில் இந்தியிலுள்ள சொல். அந்தச் சொல் வெளியிலிருந்து வந்தது என்பதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. ஆனால் முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ்ஸை நிறுத்திக் கச்சான் சரை வாங்கும் சனத்துக்குக் கச்சா எண்ணெய் என்று சொன்னால் நிலக்கடலை எண்ணெய் என்றே காதில் விழும். நமக்கு அது உதவாது. "சுத்திகரிக்காத எண்ணெய்" என்று எழுதினால் என்ன குறை? மசகு எண்ணெயும் இரண்டு சொல், இதுவும் இரண்டு சொல். வாசித்தவுடன் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அது ஏன் தேவை என்பதும் விளங்கும்.

மசகைக் கப்பலுக்குக் கொடுத்துவிட்டபடியால் எஞ்சினுக்குள் இருப்பதற்கு வேறு பெயர் தேடவேண்டி வந்து, "உராய்வு நீக்கி" என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இது இன்னும் மோசம். ஒயில் உராய்வை நீக்குவதில்லை, குறைக்கிறது. வெப்பத்தையும் கொண்டுபோகிறது, கரியையும் துகளையும் தன்னோடு வைத்திருக்கிறது. மோட்டார் சைக்கிளில் பெரும்பாலும் கிளச்சும் அதே ஒயிலுக்குள்தான் ஊறிக்கிடக்கிறது. அங்கே உராய்வு நீங்கினால் கிளச் வழுக்கும், எஞ்சின் உறுமும், வண்டி நகராது. அதனால்தான் மோட்டார் சைக்கிள் ஒயில் கானில் கிளச்சை வழுக்கவிடாத ஒயில் என்பதைக் காட்டும் ஜாசோ எம்ஏ (JASO MA) என்ற தரக்குறியைப் பார்த்து வாங்கச் சொல்கிறார்கள். பெயர் வைத்தவர் கிளச் மாற்றிய ஒருவரிடம் கேட்டிருக்கலாம்.

கராஜில் "ஒயில்" என்று சொல்வதை நான் குறை சொல்லமாட்டேன். எண்ணெய் என்றால் விளக்குக்கும் தலைக்கும் தாச்சிக்கும் ஆகிவிட்டது. ஒயில் என்றால் எஞ்சினுக்கு மட்டும். தெளிவாக இருக்கிறது. எழுத்தில் வரும்போது மசகு எண்ணெய் என்று வரட்டும்.

பெயரை விடுங்கள், வினைச்சொல்லும் பிழைக்கிறது. மொழிபெயர்ப்புக் கைநூல்களில் எஞ்சினுக்கு ஒயில் விடும் வேலைக்குப் பெரும்பாலும் "நிரப்பவும்" என்றே வரும். தண்ணீர்த் தாங்கியைத்தான் நிரப்புவார்கள். ஒயிலுக்கு வேண்டியது மட்டம் பார்த்தல். வண்டியைச் சமதரையில் விட்டு, எஞ்சினை நிறுத்தி, ஐந்து பத்து நிமிடம் ஒயில் கீழே வடிய விட்டு, அளவுக்கம்பியை இழுத்துத் துணியால் துடைத்து, மறுபடி முழுக்க இறக்கி எடுத்துப் பார்ப்பது. பல மோட்டார் சைக்கிள்களில் அந்த மூடியைத் திருகாமல் சும்மா வைத்துப் பார்க்கவேண்டும். திருகினால் கம்பி ஆழமாக இறங்கிக் கூடுதலாகக் காட்டும். இரண்டு கோட்டுக்கும் இடையில் நின்றால் போதும். குறைந்தால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் திரும்பப் பார்ப்பது, மேல்கோட்டைத் தாண்டினால் வடித்து எடுப்பது. "நிரப்பவும்" என்பதை நம்பி வாய்வரை விட்டால் சுழலும் தண்டு ஒயிலை அடித்து நுரையாக்கும். நுரை பேரிங்கைக் காக்காது, சீல் வழியே கசியவும் பார்க்கும்.

ஒயில் கூடுவதும் ஒரு நோய் என்பது வன்னி மெக்கானிக்குகளுக்குப் பாடம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 1990களில் வடக்குக்குப் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களையும் கார்களையும் கட்டி ஓட வைத்தவர்கள் அவர்கள். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங் இடுக்கால் இறங்கி ஒயிலோடு கலந்தால் மட்டம் ஏறும், ஒயில் தண்ணியாகும். கம்பி நிறைவாகக் காட்டும், உள்ளே பேரிங் தேயும். விரலில் தொட்டு, தேய்த்து, மணந்து பார்த்துத்தான் பிடிக்கலாம். மண்ணெண்ணெய் மணந்தால் வடித்துவிட்டுப் புதிதாக விடுவார்கள். இன்றைக்கு டீசல் பம்ப் கசியும் உழவு இயந்திரத்திலும் இதே கதைதான். ஒயில் பால் நிறமாக வந்தால் தண்ணீர் இறங்குகிறது, எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவை அடைக்கும் ஹெட் கஸ்கெட்டைப் பார்க்கவேண்டும்.

இந்த வேலை முழுவதையும் "எண்ணெய் நிரப்பவும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார் மொழிபெயர்ப்பாளர். "மசகு எண்ணெய் மட்டம் பார்த்துக் கூட்டவும் அல்லது குறைக்கவும்" என்று எழுதக் கைநூலில் தாராளமாக இடமிருக்கிறது.