நம்பர் பார்த்து வாங்கினேனே அண்ணே!

நேற்று பட்டறைக்கு ஒரு சிறு டிராக்டரை இழுத்து வந்தார்கள். பின்சக்கரங்களில், பனியில் வழுக்காமல் இருக்க டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலி, புத்தம் புதிதாகப் பளபளவென்று இருந்தது. ஆனால் அது தரையைத் தொட்டதற்கு அடையாளமே இல்லை. குறுக்குச் சங்கிலிகள் அத்தனையும் டயர் பட்டன்களுக்கு, அதாவது டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் மேடுகளுக்கு, நடுவே உள்ள பள்ளத்தில் இறங்கிச் சுகமாகப் படுத்திருந்தன. பனி உறைந்த சரிவில் வண்டி வழுக்கிப் போய்ச் சுவரில் மோதி, முன்னால் பக்கெட்டைத் தூக்கும் லோடர் கை கோணிவிட்டது. நல்லவேளை, ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. “டயர்ல இருக்கிற நம்பரைப் பார்த்துத்தானே வாங்கினேன் அண்ணே” என்றார் பாவமாக. இந்தக் குளிர்காலத்தில் இதே வாக்கியத்தை நான்காவது முறையாகக் கேட்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

டயரின் பக்கவாட்டில் 11.2-24 என்று இருந்தால், டயரின் அகலம் சுமார் 11.2 அங்குலம், ரிம்மின் விட்டம் 24 அங்குலம் என்று பொருள். அவ்வளவுதான். சங்கிலி டயரைச் சுற்றி மாட்டுமா, மாட்டாதா என்பதற்கு மட்டும்தான் அந்த நம்பர் பதில் சொல்லும். மாட்டிய பிறகு அது வேலை செய்யுமா என்ற கேள்விக்கு அதில் பதிலே கிடையாது. அந்தப் பதில் அதே பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி, யாரும் கண்டுகொள்ளாத இடத்தில் இருக்கிறது: ஆர்-1, ஆர்-3, ஆர்-4 என்று ஓர் எழுத்தும் எண்ணும்.

ஆர்-1 என்பது வயல் டயர். பட்டன்கள் உயரமாக, சாய்வாக, நன்றாக இடைவெளி விட்டு நிற்கும். சேறு தானாக உதிர்ந்து விழ வேண்டும் என்பதற்காகவே அந்த இடைவெளி. ஆர்-4 லோடர் வேலைக்கான டயர். பட்டன் தடிமன், உயரம் குறைவு, ஆனால் நடுவே பள்ளம் உண்டு. ஆர்-3 புல்தரை டயர். சின்னச் சின்னப் பட்டன்கள், ஆழமே இல்லை. மூன்றும் ஒரே நம்பரில் கிடைக்கலாம். மூன்றுக்கும் ஒரே சங்கிலி சரிவராது.

கடையில் விலை குறைவாகக் கிடைப்பது பெரும்பாலும் ஏணிச் சங்கிலி. இரண்டு பக்கமும் நீளமாகப் பக்கச் சங்கிலி, நடுவே ஏணிப்படி போலக் குறுக்குச் சங்கிலி. பக்கச் சங்கிலியில் எத்தனை கண்ணிக்கு ஒரு படி வருகிறது என்பதுதான் விஷயமே. நான்கு கண்ணிக்கு ஒன்று வந்தால் படிகள் தூரம் தூரமாக இருக்கும். புல்தரை டயரில் இது ஓரளவு ஒப்பேறும், ஏனென்றால் சங்கிலி விழுவதற்கு அங்கே பள்ளமில்லை. வயல் டயரிலும் லோடர் டயரிலும் சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றியதும் ஒவ்வொரு படியும் நழுவிப் பள்ளத்துக்குள் போய்விடும். அதன்பின் தரையில் படுவது பழையபடி ரப்பர் பட்டன் மட்டும்தான். இதற்குத்தான் நேற்று வந்தவர் காசு கொடுத்திருக்கிறார்.

இரண்டு கண்ணிக்கு ஒரு படி இருந்தால் கதை வேறு. படிகள் நெருக்கமாக இருப்பதால் எல்லாமே பள்ளத்துக்குள் ஒளிந்துகொள்ள முடியாது. எந்த நேரமும் சில படிகள் பட்டனின் தலைமேல் ஏறி நிற்கும், அவைதான் பனியைக் கடிக்கும். இன்னும் நல்லது, குறுக்குச் சங்கிலிகளை நடுவில் ஒன்றோடொன்று கோத்து வலை போலப் பின்னிய டைமண்ட் வகை. ஒரு படி பள்ளத்துக்குள் விழப் பார்த்தால் பக்கத்துப் படி அதை இழுத்துப் பிடித்துவிடும். லோடர் டயர் வைத்திருப்பவர்கள் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். விலை கூடுதல்தான், எடையும் கூடுதல். மாட்டும்போது என்னைத் திட்டுவீர்கள், பரவாயில்லை.

ஏணிச் சங்கிலிக்கு இன்னொரு குறையும் உண்டு. நேராக இழுக்கும்போது நன்றாகப் பிடிக்கும். சாய்தரையில் குறுக்கே போகும்போது வண்டி பக்கவாட்டில் நழுவும் அல்லவா, அப்போது அந்தக் குறுக்குச் சங்கிலி நழுவும் திசையிலேயே நீளமாகக் கிடக்கிறது. சறுக்குக் கட்டை மாதிரிதான், தடுக்காது. டைமண்ட் வகையில் கண்ணிகள் சாய்வாகவும் ஓடுவதால் பக்க நழுவலையும் தடுக்கும், கெட்டித் தரையில் குலுக்கலும் குறைவு. ஆனால் எந்தச் சங்கிலியும் வண்டி குடைசாயாமல் காக்காது. சங்கிலி இருக்கிறது என்று சாய்தரையில் துணிந்து குறுக்கே போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

சரி, அடுத்த வாதம்: “என்னுடையது ஃபோர் வீல், எனக்கெதுக்குச் சங்கிலி?” நான்கு சக்கரமும் சுற்றும், சரி. உறைபனியில் நான்கும் சேர்ந்தே வழுக்கும். இதைவிட மோசம், திருப்புவதற்கு முன்சக்கரம்தானே என்று முன்னால் மட்டும் சங்கிலி போடுவது. பெரும்பாலான சிறு டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டும்தான் இருக்கிறது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் சங்கிலி போட்ட முன்பக்கம் தரையைப் பிடித்துக்கொள்ளும், வெறும் டயராக இருக்கும் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு முன்னால் வரப் பார்க்கும். வண்டி அரைவட்டம் அடித்துவிடும். ஆகவே முதல் ஜோடி எப்போதும் பின்னால். அதற்கு மேலும் தேவைப்பட்டால் முன்னாலும் போடலாம், வண்டியோடு வந்த கையேடு அனுமதித்தால் மட்டும். இறக்கத்தில் ஃபோர் வீலை எடுத்துவிடாதீர்கள். முன்சக்கரங்களும் எஞ்சினோடு பிணைந்திருந்தால்தான் வண்டியை நிதானிப்பதில் அவையும் பங்கெடுக்கும். ஒரு பக்கம் மட்டும் சங்கிலி போடுகிற சிக்கனக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

சங்கிலிக்கு முன் எடையைப் பாருங்கள். லோடர் பக்கெட்டை நிரப்பித் தூக்கினால் பாரமெல்லாம் முன்சக்கரத்தில் இறங்கும், பின்பக்கம் பஞ்சாகிவிடும். தரையில் அழுந்தாத சக்கரத்தில் எத்தனை நல்ல சங்கிலி போட்டும் என்ன பயன்? பின்னால் கருவிகளைத் தூக்கும் லிஃப்ட் கைகளில் எடைப்பெட்டி மாட்டுங்கள், அல்லது பின்டயரில் திரவம் நிரப்புங்கள். வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து அந்த மட்டம் வரை நிரப்பினால் ஏறக்குறைய 75 சதவீதம் நிரம்பும், அது போதும். குளிர்ப் பகுதியில் வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள், உறைந்துவிடும். கால்சியம் குளோரைடு கரைசல் உறையாது, எடையும் நன்றாகக் கொடுக்கும், ஆனால் கசிந்தால் ரிம்மை அரித்துத் தின்றுவிடும். அப்படி அரித்த ரிம்கள் என் பட்டறை மூலையில் நிறையக் கிடக்கின்றன.

உறைபனிக்கென்று கண்ணிகளின் மேல் இரும்புத் துண்டு பற்றவைத்த வகை ஒன்று உண்டு, வி-பார் என்பார்கள். பளிங்கு போன்ற பனியில் அது கடிப்பதைப் போல வேறெதுவும் கடிக்காது. அதே பல்தான் உங்கள் தார்ப்பாதையையும், கல் பதித்த முற்றத்தையும் உழுதுவிடும். எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள். குழைசேற்றுக்கென்று வாங்குகிறவர்கள் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அடியில் கெட்டித் தரை இருந்தால் சங்கிலி உதவும், அடியே இல்லாத சேற்றில் வண்டியை இன்னும் வேகமாகக் குழிக்குள் இறக்கும்.

இப்போது எல்லாரும் மறக்கும் விஷயம், இடைவெளி. சிறு டிராக்டரில் எல்லாமே நெருக்கம். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே, டயருக்கும் லிஃப்ட் கைக்கும் நடுவே, பிரேக் கம்பி, ஹைட்ராலிக் பைப், லோடர் பிராக்கெட், ஏறும் படி என எல்லா இடத்திலும் அளந்து பாருங்கள். நின்றிருக்கும்போது தொடவில்லை என்பது கணக்கில்லை. சக்கரம் வேகமெடுத்தால் சங்கிலி வெளிப்பக்கம் விரியும். போன மாதம் இப்படி விரிந்த சங்கிலி ஹைட்ராலிக் பைப்பை அறுத்து, எண்ணெய் முழுக்கப் பனியில் கொட்டியது. இடம் போதவில்லை என்றால் சில வண்டிகளில் ரிம்மைத் திருப்பிப் போட்டோ, ஸ்பேசர் என்ற இடைத்துண்டு வைத்தோ சக்கரத்தை வெளியே தள்ளலாம். அப்படிச் செய்தால் சில மணி நேரம் ஓட்டியபின் நட்டுகளை மறுபடி இறுக்க மறக்காதீர்கள். முன்சக்கரத்தில் போடுவதானால் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பாருங்கள்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. கொக்கிகளின் வாய் டயரைப் பார்க்காமல் வெளியே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பரைக் குத்திக் கிழிக்கும். கையால் இழுக்கும் வரை இழுத்துக் கொக்கி மாட்டி, சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, மறுபடி இறுக்குங்கள். இந்த இரண்டாவது இறுக்கலைச் செய்யாதவர்கள்தான் அடிபட்ட மட்கார்டோடு என்னிடம் வருகிறார்கள். ரப்பர் இழுவை, ஸ்பிரிங் இழுவை எல்லாம் மிச்சத் தளர்வை எடுக்கத்தான். பெரிய சங்கிலியைச் சின்ன டயருக்குப் பொருத்த அவற்றை நம்பாதீர்கள்.

1904-ல் ஹாரி வீட் என்ற அமெரிக்கர் டயர் சங்கிலிக்குக் காப்புரிமை வாங்கினார். சேற்றில் போக ஆட்கள் டயரில் கயிறு சுற்றுவதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது என்பார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகியும் கயிறு சுற்றிய டயரோடு என்னிடம் ஆள் வருகிறார். கயிறாவது அறுந்து போகும். சிலர் செய்வது அதைவிடக் கொடுமை: புதைந்த வண்டியின் பின்சக்கரத்தோடு மரக்கட்டையைச் சேர்த்துக் கட்டி கிளட்சை விடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கட்டை தரையில் முட்டிச் சக்கரம் சுற்ற முடியாமல் போனால், சக்கரத்தைச் சுற்றவேண்டிய விசை வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிவிடும். மூக்கு மேலே போய் மல்லாந்து உங்கள்மேல் விழ ஓரிரு விநாடி போதும், குதிக்க நேரம் கிடைக்காது. நல்ல சங்கிலியிலும் இந்த ஆபத்தின் சாயல் உண்டு. முன்பு வழுக்கித் தப்பித்த சக்கரம் இப்போது கெட்டியாகப் பிடிக்கும். எதை இழுத்தாலும் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில் மட்டும் கட்டி இழுங்கள், உயரே எங்கும் கட்டாதீர்கள். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் ரோல் பார் நிமிர்ந்திருக்கட்டும், பெல்ட் இடுப்பில் இருக்கட்டும்.

பனி போனபின் கழற்றி, கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவித் தொங்கவிடுங்கள். குறுக்குக் கண்ணி பாதி தேய்ந்திருந்தால் அடுத்த பருவத்துக்கு வேண்டாம்.

நேற்று வந்தவரின் சங்கிலி வீண் இல்லை. அதே தடிமனில் குறுக்குச் சங்கிலி தனியாக வாங்கி, இருக்கும் படிகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகக் கோத்தால் இரண்டு கண்ணிக்கு ஒன்று ஆகிவிடும். அதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. “எத்தனை படி வேணும்னு எண்ணிட்டு, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு அளந்து சொல்லுங்க” என்றேன். எண்ணிக்கையை உடனே சொல்லிவிட்டார். அளவு கேட்டதற்கு, “நம்பர் ஒண்ணுதானே அண்ணே, இடம் இருக்கும்” என்றார். டேப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.