தீப்பெட்டியால் வளர்ந்த ஊர்

தீக்குச்சியைச் சுவரில் உரசிப் பாருங்கள், லேசில் பற்றாது. பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிற பட்டையில் உரசினால் ஒரே இழுப்பில் பற்றிக்கொள்ளும். ஸ்வீடனில் வெட்டெர்ன் ஏரியின் தென்முனையில் இருக்கும் யோன்ஷோப்பிங் என்ற ஊர் உலகெங்கும் பேர் வாங்கியது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் புழங்கிய குச்சிகள் எங்கே உரசினாலும் எரிந்தன. குச்சித் தலையின் மருந்திலேயே வெண்பாஸ்பரஸ் என்ற நச்சுப் பொருள் இருந்ததுதான் காரணம். அது சுமார் 30 டிகிரி வெப்பத்திலேயே காற்றில் தானாகப் பற்றும். சட்டைப் பையில் தீப்பிடித்தது போகட்டும், அதன் ஆவியைச் சுவாசித்த ஆலைத் தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பே அழுகியது. அந்த வெண்பாஸ்பரஸைக் காற்றுப் படாமல் சூடாக்கினால் நஞ்சில்லாத சிவப்பு பாஸ்பரஸ் தூளாக மாறும் என்று 1840களில் வியன்னாவின் வேதியியலாளர் ஆன்டன் ஷ்ரோட்டர் காட்டினார். இது பற்ற 250 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும்.

ஆனால் சிவப்பு பாஸ்பரஸை, மருந்து எரிய ஆக்சிஜன் தரும் பொட்டாசியம் குளோரேட்டுடன் கலந்தால் லேசான உரசலுக்கே வெடிக்கும். அப்படியானால் இரண்டையும் ஒரே குச்சியில் வைக்கவே கூடாது. பாஸ்பரஸைப் பெட்டிக்கு மாற்றும் யோசனைக்கு ஸ்வீடனின் வேதியியலாளர் குஸ்தாவ் எரிக் பாஷ் 1844இல் காப்புரிமை பெற்றார். அவர் முறையில் செலவு அதிகம், வியாபாரம் எடுபடவில்லை. யோன்ஷோப்பிங்கில் ஆலை வைத்திருந்த லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைச் செம்மைப்படுத்தி, 1855 பாரிஸ் கண்காட்சியில் பரிசும் வாங்கினார்கள்.

உரசும் அந்த நொடியில் நடப்பது இதுதான். பட்டையில் சிவப்பு பாஸ்பரஸோடு கண்ணாடித் தூளும் இருக்கிறது. அது கொடுக்கும் உராய்வுச் சூட்டில் துளியளவு பாஸ்பரஸ் பெயர்ந்து குச்சித் தலையில் இருக்கும் குளோரேட்டைத் தொடுகிறது. ஒரு பொறி கிளம்புகிறது. அந்தச் சூட்டில் குளோரேட் சிதைந்து ஆக்சிஜனை விட, மருந்தில் உள்ள கந்தகம் பற்றுகிறது. தலையில் மட்டும் தீ இருந்தால் சட்டென்று அணைந்துவிடும். குச்சி ஊறியிருக்கும் பாரஃபின் மெழுகு அதை வாங்கி மரத்துக்குக் கடத்துகிறது. ஊதி அணைத்தபின் குச்சி கனன்றுகொண்டே இருக்காது, ஏனென்றால் அம்மோனியம் பாஸ்பேட் கரைசலிலும் அதை நனைத்திருப்பார்கள். எனக்கு இதில் பிடித்ததே யாரும் கவனிக்காத இந்தக் கடைசி வேலைதான்.

குச்சிக்கு ஆஸ்பென் என்ற மரத்தைத் தேர்ந்தார்கள். பிசின் குறைவு, மெழுகை நன்றாக உறிஞ்சும், மெல்லிய தகடாகச் சீராக உரியும்.

வேதியியல் மட்டும் ஊரை வளர்க்கவில்லை. ஆரம்பத்தில் பெட்டி ஒட்டும் வேலை வீடுகளுக்குப் போனது. பெண்களும் குழந்தைகளும் கூலிக்கு ஒட்டினார்கள். பிறகு ஆலைக்கு வந்த அலெக்சாண்டர் லாகர்மன் என்ற இயந்திர வடிவமைப்பாளர் ஒவ்வொரு வேலைக்கும் இயந்திரம் அமைத்தார். 1890களில் அவர் செய்த இயந்திரம் குச்சியில் மருந்து வைப்பதிலிருந்து பெட்டியில் அடுக்குவதுவரை முழுவதையும் தானே முடித்தது.

இத்தனைக்குப் பிறகும் வெண்பாஸ்பரஸ் குச்சி மலிவு என்பதற்காகவே பல நாடுகளில் விற்றுக்கொண்டிருந்தது. அதைத் தடைசெய்யும் பன்னாட்டு ஒப்பந்தம் 1906இல்தான் சுவிட்சர்லாந்தின் பெர்னில் கையெழுத்தானது. யோன்ஷோப்பிங்கின் குச்சி சந்தைக்கு வந்து அப்போதே அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.