வைஃபை மெதுவா? பிளானை மாற்றும் முன் ஒரு கேபிளைச் செருகிப் பாருங்கள்

நான்கு பேர் சேர்ந்து தங்கியிருந்த வீட்டிலிருந்து அழைத்தார்கள். "ஒன்பது மணிக்கு மேல நெட் சுத்திக்கிட்டே இருக்குங்க. பெரிய பிளானுக்கு மாத்திடலாமா?" போனேன். மூன்று பேர் நான்காமவரைக் கைகாட்டினார்கள். அவர் இரவில் ஆன்லைன் கேம் ஆடுபவர். பாவம், அவரே தன்னால்தான் என்று நம்பிவிட்டார்.

இப்படிப்பட்ட வீடுகளில் நான் முதலில் செய்வது ஒன்றுதான். லேப்டாப்பை லேன் கேபிளால் நேராக ரவுட்டரில் செருகி வேகம் பார்ப்பேன். அங்கே 100 மெகாபிட் பிளானுக்கு 94 வந்தது. சரி, லைனில் குறை இல்லை. கேபிளிலேயே வேகம் குறைந்திருந்தால் இணைப்பு கொடுத்தவரிடம் புகார் சொல்லியிருக்கலாம்.

அப்புறம் பிங் கட்டளையை ஓடவிட்டுக் காத்திருந்தேன். ஒரு சிறு செய்தி வெளியே போய்த் திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று அது காட்டும். 12, 14, 13 மில்லிசெகண்ட் என்று அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒன்பதரை வாக்கில் திடீரென்று 400, 600. கேம் ஆடுபவரின் கணினியை அணைத்தோம்; எண் இறங்கவில்லை. இன்னொருவர் சார்ஜில் போட்டிருந்த போனின் வைஃபையை நிறுத்தியதும் மறுபடி 13. அன்று எடுத்த வீடியோக்களை அந்த போன் தானாக பேக்கப் செய்துகொண்டிருந்தது!

அந்தப் பிளானில் அப்லோடுக்குக் கிடைத்தது 10 மெகாபிட்தான். ஒரு பக்கத்தைத் திறக்கக்கூட இங்கிருந்து கோரிக்கை வெளியே போக வேண்டும். பேக்கப் அந்த வாசலை அடைத்துக்கொண்டால், மற்றவர்களின் கோரிக்கைகள் ரவுட்டருக்குள் வரிசையில் நிற்கும். டவுன்லோடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை. கேமுக்கோ பெரும்பாலும் 1 மெகாபிட்கூடத் தேவைப்படாது. தாமதத்தால் முதலில் அடிபடுகிறவரே அதை ஆடுபவர்தான். அவரையே குற்றவாளியாக்குவதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ரவுட்டர் அமைப்பில் கியூஓஎஸ் (QoS) அல்லது எஸ்கியூஎம் (SQM) என்று, நெரிசலை ஒழுங்குபடுத்தும் வசதி இருந்தால், அப்லோடு வரம்பை உண்மையான வேகத்தில் 90 சதவீதம் அளவுக்கு வையுங்கள். வரிசை நீளாது. அந்த வசதி இல்லையென்றால் பேக்கப்பை எல்லோரும் தூங்கும் நேரத்துக்குத் தள்ளுங்கள்.

கேபிளில் நன்றாக வந்து வைஃபையில் மட்டும் படுத்தால், சிக்கல் காற்றில். அடுக்குமாடியில் பக்கத்து வீடுகளின் ரவுட்டர்களும் அதே காற்றைத்தான் பயன்படுத்துகின்றன. வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 ஜிகாஹெர்ட்ஸைச் சேனல்கள் என்று பிரித்திருக்கிறார்கள்; அவற்றில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மூன்றுதான். யாரும் இல்லையே என்று 3ஐப் பிடிப்பவர்கள் உண்டு. அது 1, 6 இரண்டின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும், அவர்களையும் கெடுக்கும். அதைவிட 6இலேயே மற்ற ரவுட்டர்களோடு முறை வைத்துப் பேசுவது மேல். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசைப் பக்கம்தான். ஆகவே லேப்டாப், டிவி, புது போன் எல்லாவற்றையும் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். அதில் இடம் அதிகம். சுவரைத் தாண்டும் வலு குறைவு. அதனால் பக்கத்து வீட்டுச் சிக்னலும் உள்ளே குறைவாகவே வரும்.

பலர் கவனிக்காத ஒன்று: கடைசி அறையில் ஒரு கோடு சிக்னலில் தொங்கும் பழைய போன். அது மெதுவாகப் பேசுவதால், அதே தகவலுக்குப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். அதுவரை அந்தச் சேனலில் மற்றவை காத்திருக்க வேண்டும். ரவுட்டரை அலமாரிக்குள்ளிருந்தும் டிவிக்குப் பின்னாலிருந்தும் எடுத்து, வீட்டின் நடுவில் உயரமாக வையுங்கள். இது எல்லோரும் சொல்வதுதான், ஆனால் உண்மை. சிக்னலைத் தூரத்து அறைக்கு எடுத்துச்செல்லும் மலிவான ரிப்பீட்டர் வாங்கும் முன் யோசியுங்கள். சிக்னலைப் பெறுவதற்கும் திரும்ப அனுப்புவதற்கும் அதில் ஒரே ரேடியோ என்றால் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

அந்த வீட்டில் அப்லோடு வரம்பு வைத்தபின், பேக்கப் ஓடும்போதே பிங் 30ஐத் தாண்டவில்லை. கேம் ஆடுபவரின் மேசை வரை சுவரோரமாக ஒரு கேபிளும் இழுத்துக் கொடுத்தேன். இப்போது அவர் கணினி வைஃபையிலேயே இல்லை.