ஏர்த்: மண்ணில்லாத இடத்தில் புவித்தொடுப்பு

படகில் பற்றரியின் மைனஸ் வயரை எஞ்சின் உடம்பில் பூட்டினாலும் ஏர்த். தண்ணீருக்கு அடியில் செம்புத் தகடு வைத்தாலும் ஏர்த். இரும்பு அரிக்காமலிருக்க நாகத் துண்டு, அதாவது துத்தநாகத் துண்டு, பூட்டினாலும் ஏர்த்தான். வேலைகள் மூன்று, பெயர் ஒன்று. பள்ளிக்கூடப் புத்தகம் தரும் சொல் புவித்தொடுப்பு. தொடுத்தல் நல்ல சொல், பூவையும் அம்பையும் தொடுத்த மொழிதானே. இடறுவது புவிதான், பைபர் படகில் மண் எங்கே?

ஆங்கிலத்தில் ஏர்த் என்றால் மண். தந்தி வந்த காலத்தில்தான் அது மின்சாரச் சொல் ஆனது. 1838இல் ஜேர்மனியில் ஸ்டைன்ஹைல் என்ற விஞ்ஞானி, தந்திக்கு இரண்டாவது கம்பி தேவையில்லை, இரு முனையிலும் தகடு புதைத்தால் மின்னோட்டம் மண் வழியே திரும்பும் என்று காட்டினார். ஆக, முதற்பொருள் திரும்பும் வழி. ஆளைக் காக்கும் வழி என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

படகின் 12 வோல்ற்று வயரிங்கில் இருப்பது அந்தப் பழைய பொருள். ஸ்டார்ட்டருக்குப் போன மின்னோட்டம் எஞ்சின் இரும்பு வழியே பற்றரிக்குத் திரும்புகிறது. இதில் மண்ணும் இல்லை, கடலும் இல்லை. 'மீள்வழி' என்றால் போதும். ஜெனரேட்டர் வைத்த பெரிய படகில் வயரிங்கை அடியிலுள்ள செம்புத் தகடு வழியே கடலோடு சேர்ப்பதைக் 'கடல்தொடுப்பு' என்பேன். வீட்டு ஏர்த் குழிக்கு நாங்கள் உப்பும் கரியும் போடுகிறோம், கடலில் உப்புக்குக் காசில்லை.

மூன்றாவதுதான் சிக்கல். படகைத் தள்ளும் வெண்கலக் காற்றாடியும் இரும்பும் உப்புநீரில் கிடந்து, ஒன்றையொன்று தொட்டும் இருந்தால் அதுவே ஒரு பற்றரி. கரைவது இரும்பு. இரண்டையும்விட எளிதில் இலத்திரனை விடும் நாகத்தைக் கூடப் பூட்டினால் முதலில் நாகம் கரையும். 1824இல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகடுகளை இப்படித்தான் காத்தார். செம்பு கரையாமல் நின்றது. ஆனால் கரையும் செம்புதான் பாசியையும் சிப்பியையும் விரட்டிக்கொண்டிருந்தது, அது நின்றதும் அவை அப்பிக்கொண்டன.

அந்தத் துண்டுக்குப் புத்தகப் பெயர் அனோட்டு. 1834இல் விஞ்ஞானி பரடே எழுத்தில் ஏற்றிய கிரேக்கச் சொல், 'மேலேறும் வழி' என்று பொருள். 'தியாக அனோட்டு' என்று மொழிபெயர்ப்பது எனக்குக் கொஞ்சம் மேடைப்பேச்சாகப் படுகிறது. 'இரைக்கட்டி' என்றால் மீன்பிடிக்கிறவருக்கு உடனே விளங்கும். 'நாகக்கட்டி'யும் சரிதான், நாகபூசணி அம்மன் கோயில் உள்ள நயினாதீவுப் பக்கம் நாகம் என்றால் நினைவு பாம்புக்குப் போகும் என்பதைத் தவிர. படகின் பின்புறம் பூட்டும் அவுட்போட் எஞ்சினில் இது காற்றாடிக்கு மேலே உள்ள தட்டுக்கு அடியில் இருக்கும். அதற்குப் பெயின்ற் பூசக் கூடாது, பூசினால் வேலை செய்யாது. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். பூட்டும் இடம் சுரண்டிய வெறும் உலோகமாக இருக்க வேண்டும்.

பெயர் குழம்பினால் வேலையும் குழம்பும். படகின் உள்ளே அடியில் தேங்கும் அடிநீரில் கிடக்கும் பம்பு வயரின் தோல் உரிந்து பிளஸ் மின்னோட்டம் கசிந்தால், நாகம் மாதக்கணக்கில் காத்து நிற்கும் உலோகம் நாட்களிலேயே தின்னப்பட்டுவிடும். 'ஏர்த் போதவில்லை' என்று இன்னொரு கட்டி பூட்டிப் பயனில்லை, அது கசிவுக்கு மருந்தல்ல. உரிந்த வயரை வெட்டி எறிந்து, புதிய இணைப்பை அடிநீருக்கு மேலே தூக்கிக் கட்ட வேண்டும்.