பட்டமா, சான்றிதழா? வரிசை அறிந்து படியுங்கள்

கணினித் துறை வேலைகளுக்கும் நிர்வாக வேலைகளுக்கும் ஆள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் பல ஆண்டுகளாக இருந்து வருகிறேன். நாங்கள் திருப்பி அனுப்ப நேரும் விண்ணப்பங்கள் பலவற்றில் படிப்புக்குப் பஞ்சமில்லை. படித்த வரிசைதான் தவறியிருக்கிறது. அனுபவசாலிகளுக்கென்று வகுக்கப்பட்ட சான்றிதழ்த் தேர்வைக் கல்லூரி முடித்த கையோடு எழுதியிருப்பார்கள்; சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுச் சேர்ந்திருந்தால் முழுப் பயன் தந்திருக்கும் எம்பிஏ படிப்பை, வேலை கிடைக்காத இடைவெளியை நிரப்புவதற்காகப் படித்திருப்பார்கள். பணமும் காலமும் செலவான பிறகே பலருக்கும் இது தெரியவருகிறது என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

முதலில் பட்டம். "கம்ப்யூட்டர் படிப்பு" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஏசிஎம், ஐஇஇஇ முதலிய தொழில்முறை அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட 2005-ஆம் ஆண்டுப் பாடத்திட்ட அறிக்கை, அதைக் கணினிப் பொறியியல், கணினி அறிவியல், தகவல் அமைப்புகள், தகவல் தொழில்நுட்பம், மென்பொருள் பொறியியல் என ஐந்தாகப் பகுத்தது. 2020 அறிக்கையில் இணையப் பாதுகாப்பும் சேர்ந்துகொண்டது. பெயர்கள் ஒன்றுபோல ஒலித்தாலும் படிக்கப்போவது ஒன்றல்ல. கணினி அறிவியலில் கணிதமும் அல்காரிதமும் இயக்க முறைமையும் முதுகெலும்பு. தகவல் அமைப்புகள் படிப்பிலோ, தரவுத்தளத்தோடு கணக்கியலும், ஒரு நிறுவனத்துக்கு ஆர்டர் வந்தது முதல் பணம் வரவாவது வரை நடக்கும் வேலைகளைக் கணினிக்குள் கொண்டுவரும் முறையும் சொல்லித்தரப்படும். வணிகமும் கணினியும் சந்திக்கும் இடத்தில் வேலை பார்க்க விரும்புவோருக்கு இதைவிடப் பொருத்தமான பட்டம் இல்லை என்பது என் கருத்து. ஆனாலும் இதைத் தேடிச் சேர்பவர்கள் குறைவு. பட்டத்தின் பெயரைப் பார்க்காமல், பருவவாரியான பாடப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுச் சேருங்கள்.

அங்கீகாரத்தையும் சரிபார்க்க வேண்டும். நிர்வாகக் கல்விக்கு ஏஏசிஎஸ்பி, ஆம்பா, ஈக்விஸ் ஆகிய மூன்று அங்கீகாரங்களும் உலக அளவில் மதிக்கப்படுபவை. கணினிப் பட்டங்களைப் பொறுத்தவரை, 2008-இல் உருவான சியோல் ஒப்பந்தத்தின்படி, உறுப்பு அமைப்புகளில் ஒன்று அங்கீகரித்த படிப்பை மற்றவை இணையாக ஏற்கின்றன. கல்லூரியின் விளம்பரத்தாளை நம்பாமல், அங்கீகாரம் தரும் அமைப்பின் இணையதளத்திலேயே பெயரைத் தேடிப் பார்ப்பதுதான் பாதுகாப்பு. ஆம்பா அமைப்பு எம்பிஏ மாணவர்களிடம் பொதுவாக 3 ஆண்டுப் பணி அனுபவத்தையாவது எதிர்பார்க்கிறது என்பதையும் இங்கே கவனியுங்கள்.

சான்றிதழ்களில்தான் ஏமாற்றம் அதிகம். காரணம், தேர்வில் தேறுவதும் சான்றிதழ் பெறுவதும் வேறு வேறு என்பதைப் பயிற்சி நிலையங்கள் உரக்கச் சொல்வதில்லை. இணையப் பாதுகாப்பில் உயர்வாகக் கருதப்படும் சிஐஎஸ்எஸ்பி சான்றிதழுக்கு, அதன் எட்டுப் பிரிவுகளில் குறைந்தது இரண்டில் 5 ஆண்டுகள் சம்பளத்துடன் வேலை பார்த்திருக்க வேண்டும். உரிய பட்டம் இருந்தால் அந்த ஐந்தில் ஓராண்டு கழிக்கப்படும். அனுபவம் இல்லாதவர் தேர்வில் தேறினால் அசோசியேட் என்ற நிலையே கிடைக்கும். அதன்பின் 6 ஆண்டுகளுக்குள் அனுபவத்தைச் சேர்த்துக் காட்ட வேண்டும். திட்ட மேலாண்மைக்கான பிஎம்பி தேர்வை எழுதுவதற்கே, பட்டதாரிகள் 36 மாதங்கள் திட்டங்களை முன்னின்று நடத்தியிருக்க வேண்டும். பட்டம் இல்லாதவருக்கு 60 மாதங்கள். தொடக்க நிலையில் இருப்பவருக்கு பிஎம்பியை நடத்தும் அமைப்பின் இன்னொரு சான்றிதழான சிஏபிஎம் இருக்கிறது. அதற்கு 23 மணி நேரப் பாடம் போதும், அனுபவம் தேவையில்லை. கணக்கியலில் ஏசிசிஏ என்ற தொழில்முறைத் தகுதி 13 தாள்களோடு முடிவதில்லை. 36 மாதச் செய்முறை அனுபவமும் வேண்டும். பொருத்தமான பட்டம் வைத்திருப்பவருக்கு அந்தத் தாள்களில் சிலவற்றிலிருந்து விலக்கு உண்டு. பட்டம் முதலில், சான்றிதழ் பிறகு என்று நான் வலியுறுத்துவதற்கு இந்தக் கழிவுகளும் விலக்குகளுமே போதிய காரணம்.

இன்னொன்று, சான்றிதழின் ஆயுள். பட்டம் காலாவதியாவதில்லை, சான்றிதழ்கள் பலவும் காலாவதியாகும். சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ, அமேசானின் கிளவுட் (இணையம்வழி வாடகைக்குக் கிடைக்கும் கணினி வசதி) சான்றிதழ்கள் ஆகியவை 3 ஆண்டுகளுக்குச் செல்லும். மைக்ரோசாஃப்டின் பணி சார்ந்த சான்றிதழ்கள் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் செல்லும், ஆனால் இணையவழித் தேர்வு எழுதி இலவசமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் கௌரவமாகக் கருதப்பட்ட எம்சிஎஸ்இ சான்றிதழை அந்த நிறுவனம் 2021 ஜனவரியில் நிறுத்தியே விட்டது. எனவே தேர்வுக் கட்டணத்தோடு புதுப்பிக்கும் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

நேர்காணலில் சான்றிதழ் எப்படிச் சோதிக்கப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிளவுட் சான்றிதழ் வைத்திருப்பவரிடம் நான் கேட்பது எளிய கேள்விதான்: "பிரைவேட் சப்நெட்டில் (இணையத்திலிருந்து நேராக அணுக முடியாத உள் வலைப்பிரிவு) இருக்கும் சர்வரால் இணையத்திலிருந்து அப்டேட் இறக்க முடியவில்லை, முதலில் எங்கே பார்ப்பீர்கள்?" கையால் செய்து பார்த்தவர், ரூட் டேபிள் என்ற வழிப்பட்டியலில், உள்ளிருந்து இணையத்துக்குப் போக வாயிலாக இருக்கும் நேட் கேட்வேக்கு வழி இருக்கிறதா என்பதிலிருந்து தொடங்கி, எந்தப் போக்குவரத்தை அனுமதிப்பது என்று விதிக்கும் செக்யூரிட்டி குரூப் வரை படிப்படியாகப் போவார், தவறினாலும் எங்கே தவறினார் என்று அவரோடு பேச முடியும். கசிந்த வினாத்தாள்களை மனப்பாடம் செய்து தேறியவரிடம் பதில் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட வினாத்தொகுப்புகளைப் பயன்படுத்துவது தேர்வு விதிகளுக்கு எதிரானது, பிடிபட்டால் சான்றிதழே பறிபோகும் என்பதை அவற்றை விற்பவர்கள் சொல்வதில்லை.

எதில் பணம் கட்டுவது என்று குழம்புபவர்கள், தாங்கள் விரும்பும் பணிக்கான வேலை விளம்பரங்களை ஒரு மாதம் சேகரித்து, "கட்டாயம்" என்ற இடத்தில் எந்தப் பட்டமும் சான்றிதழும் திரும்பத் திரும்ப வருகின்றன என்று குறித்து வையுங்கள். பிறகு அந்தச் சான்றிதழை வழங்கும் அமைப்பின் தளத்தில் தகுதி விதிகளையும் புதுப்பிப்பு விதிகளையும் முழுமையாகப் படியுங்கள். பயிற்சி நிலையத்தின் வாசலை மிதிப்பது அதற்கும் பிறகு இருக்கட்டும்.